கஞ்சியும் கள்ளும்: மலாயாத் தோட்டத்து உணவைச் சொல்லும் சில நூல்கள்



சில மாதங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓர் இடுபணி கொடுத்திருந்தேன். ‘என் தாத்தா பாட்டி உண்டதும் அருந்தியதும்’ என்பது தலைப்பு. வீட்டில் உள்ள மூத்தவர்களைக் கேட்டு எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பெரும்பாலோர் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் என்று எழுதி வந்தனர். அவை தாத்தா பாட்டியின் உணவா, தங்கள் உணவா என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு மாணவன் மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தான். விடியற்காலை இருட்டில் பழைய சோறு. பால் வெட்டி முடிந்த பின் கறுப்புக் காப்பி. மாலையில் தாத்தாவுக்குக் கள்ளுக்கடை. அவர் திரும்பும் வரையில் உலையில் அரிசியைப் போடாமல் காத்திருந்த பாட்டி. எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனாலும் அந்த வகுப்பில் வரலாறு எழுதியவன் அவன் ஒருவனே என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து அவனுடைய தந்தை பள்ளிக்கு வந்தார். “சார், அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள். கள்ளுக்கடைக் கதையெல்லாம் வகுப்பில் படித்தால் எங்கள் குடும்பத்துக்கு என்ன மரியாதை?” என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. மறுத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. நம் முன்னோர் என்ன உண்டனர், என்ன குடித்தனர், ஏன் குடித்தனர் என்பதை நம் பிள்ளைகள் எந்த நூலைப் படித்துத் தெரிந்துகொள்வார்கள்?

அந்தக் கேள்வியோடு நூலகங்களில் தேடியபோது கையில் கிடைத்த நூல்களைப் பற்றியே இக்கட்டுரை. நீங்கள் தேடுவதற்கு வசதியாக ஆங்கில நூல்களின் பெயர்களை ஒலிபெயர்த்துத் தருகிறேன். ஒரு செய்தியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இவற்றில் பெரும்பாலானவை சமையல் நூல்கள் அல்ல. தோட்டத்துச் சமையலறையைப் பற்றி மருத்துவர் எழுதியிருக்கிறார்; அதிகாரி எழுதியிருக்கிறார்; தொழிற்சங்க வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் மட்டும் எழுதவில்லை. ஆகவே ஒரு நூலைத் தனியாகப் படித்தால் பாதிச் செய்திதான் கிடைக்கும். பலவற்றை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

முதலில் அரிசி

என் பரிந்துரையில் முதல் நூல் பலருக்கு வியப்பளிக்கலாம். அது நோயைப் பற்றியது. டபிள்யூ. எல். பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றியவர். 1907இல் ‘தி காஸ் அண்ட் பிரிவென்ஷன் ஆஃப் பெரி-பெரி’ என்ற நூலை அவர் வெளியிட்டார். அக்காலத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பெருங்கேடாக இருந்தது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் இதற்குப் பலியாயினர். ஆனால் அதே நாட்டில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழர்களிடையே இந்நோய் மிக அரிதாகவே காணப்பட்டது. ஏன்?

பிராடன் மூவினத்தாரின் சோற்றுப் பானையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சீனத் தொழிலாளர்கள் உண்டது ஆலையில் நன்றாகத் தீட்டி இறக்குமதி செய்யப்பட்ட வெள்ளை அரிசி. கிராமத்து மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்தி உண்டனர். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நோய்க்கும் அரிசிக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர் சரியாகவே கண்டுகொண்டார். கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று அவர் கூறிய காரணம்தான் தவறிவிட்டது.

சரியான விடையை நோக்கி நகர்ந்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசர், ஏ. டி. ஸ்டாண்டன் ஆகிய இருவர். நெகிரி செம்பிலானில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துக் கவனித்தனர். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே நோய் தோன்றியது. புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே தோன்றவில்லை. அரிசியில் ஏதோ சேர்ந்ததால் அன்று, தீட்டும்போது ஏதோ நீங்கிவிட்டதால்தான் நோய் வருகிறது என்ற முடிவுக்கு அவர்களின் ஆய்வு வழிகாட்டியது. மனிதர்களை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்தியது சரியா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பிற்காலத்தில் பி1 உயிர்ச்சத்து கண்டறியப்பட்டபோது காரணம் முழுமையாக விளங்கியது. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள அந்தச் சத்து அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது.

இதை நான் வகுப்பில் சொன்னபோது மாணவர்களின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். “பாட்டி ஏன் புழுங்கல் அரிசியே வேண்டும் என்கிறார்?” என்று கேட்ட பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த விடை ஏது? நம் பாட்டிமார் உயிர்ச்சத்து என்ற சொல்லை அறியமாட்டார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்த வழக்கம் பல உயிர்களைக் காத்தது. ஆயினும் இதைப் பெருமையாக மட்டுமே சொல்லி முடித்துவிடலாகாது. பெரிபெரிக்குத் தப்பிய அதே தமிழர்கள் மலேரியாவுக்கும் கொக்கிப் புழுவுக்கும் இரத்தசோகைக்கும் பெருந்தொகையில் பலியாயினர். அரிசி காத்தது, தோட்டம் காக்கவில்லை.

தோட்டத்து மரமும் கொல்லைச் செடியும்

இரண்டாவது நூல், ஐ. எச். பர்க்கில் 1935இல் வெளியிட்ட ‘எ டிக்ஷனரி ஆஃப் தி எகனாமிக் ப்ராடக்ட்ஸ் ஆஃப் தி மலாய் பெனின்சுலா’. பர்க்கில் 1912 முதல் 1925 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தவர். மலாயாவில் மனிதனுக்குப் பயன்படும் செடி, கொடி, மரம், விலங்கு, கனிமம் அனைத்தையும் அகரவரிசையில் தொகுத்த இரு பெருந்தொகுதிகள் இவை. 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்புக் கண்டன. இந்நூலைத் தொடர்ந்து படிக்க இயலாது. புரட்டிப் பார்க்க வேண்டும். முருங்கை, புளி, தென்னை, மரவள்ளி எனத் தோட்டத்து மக்கள் கொல்லையில் வளர்த்தவற்றையும் கடையில் வாங்கியவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடலாம். செடிகள் இலத்தீன் பெயரில் வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால், தேடும்முன் அப்பெயரைத் தெரிந்துகொள்வது நல்லது. மேல்வகுப்பு மாணவர்களுக்கு அதுவே ஒரு பயிற்சியாகும்.

இதனோடு ஆர். ஜே. வில்கின்சனின் மலாய்-ஆங்கில அகராதியையும் வைத்துக்கொள்ளலாம். 1932இல் வெளிவந்த அதன் விரிவான பதிப்பில் மலாய்ச் சொற்களின் மூலமும் குறிக்கப்பட்டிருக்கும். கடை ‘கெடாய்’ ஆனது. அப்பம் ‘அப்பாம்’ ஆனது. மாம்பழம் ‘மெம்பெலாம்’ ஆனது. இவை இரப்பர்த் தோட்டங்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வணிகர்களோடு வந்த சொற்கள். இந்நாட்டு உணவில் நம் பங்கு 1900க்குப் பிறகு தொடங்கியதன்று என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இந்த மூன்று சொற்களே போதும்.

வரவுசெலவுக் கணக்கில் ஒரு சமையலறை

மூன்றாவது நூல் ஜே. நார்மன் பார்மர் எழுதிய ‘கொலோனியல் லேபர் பாலிசி அண்ட் அட்மினிஸ்ட்ரேஷன்’. 1960இல் வெளிவந்தது. தலைப்பைப் பார்த்துப் பலர் தள்ளி வைத்துவிடுவார்கள். ஆனால் தோட்டத்துக் குடும்பம் என்ன உண்டது என்று அறிய இதைவிட நெருக்கமான வாயில் எனக்கு வேறு கிடைக்கவில்லை.

1920களில் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்க வேண்டிய நிலை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. அதற்காகத் தொழிலாளியின் மாதச் செலவுப் பட்டியல்கள் தயாரிக்கப்பட்டன. அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, உப்பு, புளி, மிளகாய், எண்ணெய் எவ்வளவு என்று கணக்கிட்டு, அதன் மேல் துணிக்கும் பிறவற்றுக்கும் சிறிது சேர்த்து, கூலி இவ்வளவு என்று முடிவு செய்தனர். 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அளவுகோலாக இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் வெட்டப்பட்டது. 1936-37இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். அந்த அறிக்கையும் படிக்கத்தக்கதே. 1938இல் உதவி பெற்றுத் தொழிலாளர் குடியேறுவதை இந்திய அரசு தடை செய்தது.

பட்டியலைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது மக்கள் உண்டதைச் சொல்லும் பட்டியல் அன்று; அவர்களுக்கு எவ்வளவு போதும் என்று மற்றவர்கள் நினைத்ததைச் சொல்லும் பட்டியல். இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்கினால், ஆவணத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்ற வரலாற்றுப் பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பருப்பை அளவிட்டவர் முருங்கைக்கீரையை அளவிடவில்லை. அது வேலியோரத்தில் காசின்றிக் கிடைத்தது. ஆற்றில் பிடித்த மீனும், வீட்டின் பின்னால் வளர்ந்த கோழியும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

கள்

இனி அந்தத் தந்தை கிழிக்கச் சொன்ன பக்கத்துக்கு வருகிறேன்.

கள் என்பது என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் சீவினால் இனிய சாறு வடியும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதநீராக இருக்கும். சுண்ணாம்பு இல்லையெனில் காற்றில் உள்ள நொதி கலந்து சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகும். அடுத்த நாள் புளித்துக் காடியாகிவிடும். ஆகவே கள்ளை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல இயலாது. இறக்கிய இடத்திலேயே விற்றாக வேண்டும். தோட்டத்துக்குள் கள்ளுக்கடை அமைந்ததற்கு இயற்கையே ஒரு காரணம் என்றால் பிழையில்லை.

மற்றொரு காரணம் இயற்கையானதன்று. உரிமம் பெற்ற கள்ளுக்கடைகளைத் தோட்ட நிருவாகங்களே நடத்தின. அரசுக் கள்ளுக்கடைகளும் இருந்தன. கள் கிடைக்காவிட்டால் தொழிலாளி சம்சுவையும் கள்ளச் சாராயத்தையும் நாடுவான் என்பது துரைமார் எப்போதும் சொன்ன வாதம். அதில் சிறிது உண்மையும் உண்டு. ஆனால் விடியலில் கூலி கொடுத்த கையே மாலையில் அதன் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டது என்பதும் உண்மை. தொழிலாளி லயத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மறுநாள் பெரட்டுக்கும் வந்துவிடுவான்.

இதைப் பற்றிப் படிக்க இரு நூல்களைப் பரிந்துரைக்கிறேன். ஒன்று சார்ல்ஸ் காம்பா 1962இல் வெளியிட்ட ‘தி ஆரிஜின்ஸ் ஆஃப் டிரேட் யூனியனிசம் இன் மலாயா’. மற்றொன்று மைக்கேல் ஸ்டென்சன் எழுதி 1980இல் வெளிவந்த ‘கிளாஸ், ரேஸ் அண்ட் கொலோனியலிசம் இன் வெஸ்ட் மலேசியா’. இவற்றின் துணையோடு இரண்டு நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அவர்களை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். துரையின் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டிய நிலை ஒழிய வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். நல்ல மருத்துவ வசதி வேண்டும். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை நிற்க வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது; உயிர்கள் பலியாயின; வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது.

பள்ளிக்கூடமும் கள்ளுக்கடையும் ஒரே பட்டியலில் இருப்பதை ஆசிரியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒன்றைத் திற, மற்றொன்றை மூடு என்று கேட்டவர்கள் வெளியிலிருந்து வந்த சீர்திருத்தவாதிகள் மட்டும் அல்லர். அந்தத் தோட்டங்களில் வாழ்ந்த, பால் வெட்டிய, மாலையில் அந்தக் கடையைக் கடந்து நடந்த மக்களும் அதே குரலில் கேட்டனர்.

இரண்டாவது நிகழ்ச்சி கெடாவில் நடந்தது. போர் முடிந்தபின் அங்குள்ள தோட்டங்களில் தொண்டர் படை என்ற இளைஞர் இயக்கம் எழுந்தது. பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி அதன் தலைவர். குடியை விட்டொழிப்பதும், துப்புரவாகவும் தன்மானத்தோடும் வாழ்வதும் அவ்வியக்கத்தின் நோக்கங்கள். கள்ளுக்கடைகளின் முன் மறியல் நடந்தது. 1947இன் தொடக்கத்தில் காவல் துறையினருடன் மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நிகழ்ந்தது. பலர் சிறை சென்றனர். குடிப்பவர்களைத் தொண்டர்கள் கட்டாயப்படுத்தித் திருத்த முயன்றதும் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவற்றைப் படித்த பிறகு, கள்ளுக்கடை என்பது ஒரு குடும்பத்தின் மானக்கேடு என்று என்னால் கருத முடியவில்லை. அது ஒரு நிருவாக ஏற்பாடு. அதற்குள் ஒருவர் தம் களைப்பைப் போக்கிக்கொண்டார், தோழரோடு பேசினார், சில வேளை வீட்டுச் செலவுக்குரிய காசையும் தொலைத்தார். மற்றொருவர் அதன் வாசலில் நின்று மறியல் செய்தார். இருவரும் நம் முன்னோரே. ஒருவரை மறைத்துவிட்டால் மற்றவர் எதை எதிர்த்து நின்றார் என்பதும் மறைந்துவிடும்.

துரைசானியின் நூலும் சமையல்காரரும்

இனி உண்மையான சமையல் நூல்கள். 1920களில் சிங்கப்பூரில் பல பதிப்புகளாகப் புழங்கிய ஒரு நூல் திருமதி கின்சியின் ‘தி மெம்ஸ் ஓன் குக்கரி புக்’. மலாயாவுக்கு ஏற்ற, செய்து பார்த்த, சிக்கனமான 420 குறிப்புகள் என்று அதன் தலைப்பே அறிவிக்கிறது. துரைசானிமார் தங்கள் சமையல்காரர்களைக் கண்காணித்துக் குடும்பம் நடத்த எழுதப்பட்டது அது. தோட்டத்து மேட்டில் இருந்த பங்களாவில் என்ன வெந்தது என்று அதில் காணலாம். அதே நேரத்தில் கீழே லயத்தில் என்ன வெந்தது என்று பார்மரின் நூலில் காணலாம். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்தால், ஒரே தோட்டத்தில் இரண்டு உலகங்கள் இருந்ததை மாணவர்கள் தாங்களே உணர்வார்கள்.

இத்தகைய நூல்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுத்தருவது சிசிலியா லியோங்-சலோபிர் 2011இல் வெளியிட்ட ‘ஃபுட் கல்ச்சர் இன் கொலோனியல் ஏஷியா’. இந்தியா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் வாழ்ந்த ஆங்கிலேயரின் உணவை அவர் ஆராய்கிறார். அந்த உணவை உருவாக்கியதில் உள்ளூர்ச் சமையல்காரர்களுக்கும் பணியாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு என்பது அவருடைய முடிவு. நம் மிளகுத் தண்ணீர் ‘மல்லிகாடானி’ என்ற பெயரில் ஆங்கிலேயரின் உணவு மேசையில் ஏறிய கதை நமக்கு முன்பே தெரியும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தவரின் பெயர் எந்த நூலிலும் இல்லை என்பதை இந்நூல் நினைக்க வைக்கிறது.

உள்ளூர்ப் பெண்கள் எழுதிய நூல்கள் பிறகு வந்தன. எலிஸ் ஹேண்டி சிங்கப்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவர். பள்ளிக்கு நிதி திரட்டும் பொருட்டு 1952இல் ‘மை ஃபேவரிட் ரெசிப்பீஸ்’ என்ற நூலை வெளியிட்டார். ஆசிரியர் ஒருவர் எழுதிய சமையல் நூல் ஒரு பள்ளியை வளர்க்க உதவியது என்ற செய்தி நமக்கு உவப்பளிப்பதே. 1974இல் திருமதி லீ சின் கூன் பெரானாக்கான் சமையலைத் தம் பெயரில் நூலாக்கினார். இவர் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவின் தாயார். எழுதி வைக்காமல் கைப்பக்குவமாக வந்த சமையல் அடுத்த தலைமுறையோடு மறைந்துவிடக் கூடாது என்ற கவலை அத்தகைய முயற்சிகளுக்குப் பின்னால் இருந்தது. தமிழர் தரப்பில் சமையற்கலை வல்லுநர் தேவகி சண்முகத்தின் நூல்கள் சிங்கப்பூர் நூலகங்களில் கிடைக்கின்றன. பாட்டி ‘ஒரு கை’ என்று சொன்னதைக் கரண்டி அளவாக மாற்றித் தரும் வேலை எத்தனை கடினம் என்பது அவற்றைப் படித்தால் விளங்கும்.

மரவள்ளி உண்ட காலம்

ஜப்பானியர் ஆட்சிக் காலமான 1942-45ஐப் பற்றி ஏதேனும் ஒரு நூலைக் கட்டாயம் படிக்க வேண்டும். பால் கிராடோஸ்கா 1998இல் வெளியிட்ட ‘தி ஜாப்பனீஸ் ஆக்குபேஷன் ஆஃப் மலாயா’ மிக விரிவானது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளிநாடுகளிலிருந்து வாங்கிவந்தது. போர் வந்ததும் கப்பல் இல்லை, அரிசி இல்லை. மக்கள் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் நட்டு உயிர் பிழைத்தனர். எளிமையாகப் படிக்க விரும்புவோர் வோங் ஹோங் சுவென் எழுதிய ‘வார்டைம் கிச்சன்’ என்ற நூலை நாடலாம். 2009இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. மரவள்ளிக்கிழங்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் முதியவர்களை நான் அறிவேன். பிள்ளைகள் அதை விரும்பி உண்ணும்போது அம்முதியவர்கள் ஏன் மௌனமாகிறார்கள் என்பதற்கு இந்நூல்களில் விடை உண்டு.

தமிழில் என்ன இருக்கிறது?

இக்கேள்விக்கு விடை கூறும்போது எனக்கும் தயக்கம் உண்டாகிறது. தோட்டத்து உணவை மட்டுமே பொருளாகக் கொண்ட விரிவான தமிழ் வரலாற்று நூல் எதுவும் என் கைக்கு எட்டவில்லை. ஆனால் புனைவிலும் தன்வரலாற்றிலும் அது சிதறிக் கிடக்கிறது. தமிழகத்து எழுத்தாளர் அகிலன் மலேசியத் தோட்ட வாழ்வை வைத்து எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’, நம் நாட்டு ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாடு விட்டு நாடு’ ஆகியவற்றை அடுப்பையும் பானையையும் தேடும் கண்ணோடு மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். முன்பு கண்ணில் படாத வரிகள் படும். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்னாவணத்தில் படிக்கலாம். கள்ளுக்கடை, மதுவிலக்கு, அரிசிப் பங்கீடு போன்ற சொற்களோடு அவ்விதழ்களைப் புரட்டலாம்.

வகுப்பறைக்கும் வீட்டுக்கும் சில யோசனைகள்

ஆசிரியர்கள் இந்நூல்கள் அனைத்தையும் வாங்க வேண்டியதில்லை. நூலகத்தில் எடுத்து, நமக்கு வேண்டிய பக்கங்களைப் படித்து, செய்தியை நம் சொற்களில் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதும். புழுங்கல் அரிசிக் கதையை அறிவியல் பாடத்தோடு இணைக்கலாம். கூலிக் கணக்கைக் கணிதப் பாடத்தில் வைக்கலாம். நாளுக்கு 50 காசு என்றால் இருபத்தாறு நாளுக்கு எவ்வளவு, அதில் அரிசிக்குப் போக மீதி எவ்வளவு என்று அவர்களே கணக்கிடட்டும். கிள்ளான் கோரிக்கைகளை வரலாற்றுப் பாடத்தில் படிக்க வைத்து, உங்களுக்கு எது முதன்மையானதாகத் தோன்றுகிறது, ஏன் என்று எழுதச் சொல்லலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் வாழ்ந்த கடைசித் தலைமுறையினர் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. அவர்களும் போய்விட்டால், மருத்துவரும் அதிகாரியும் துரைசானியும் எழுதியதே நம் வரலாறாக எஞ்சும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களோடு அமர்ந்து, என்ன சமைத்தீர்கள், எங்கே வாங்கினீர்கள், சம்பள நாளில் என்ன மாறும் என்று கேட்டு எழுதி வையுங்கள். கேட்கும்போது கள்ளைப் பற்றியும் கேளுங்கள். அவர்கள் சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். சொன்னால் தலைகுனிய வேண்டாம்.

அந்த மாணவனின் தந்தையைப் பின்னர்ப் பள்ளி விழா ஒன்றில் சந்தித்தேன். 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைப் பட்டியலை எழுதி வைத்திருந்தேன். அதை அவரிடம் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே இருமுறை படித்தார். எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் மாணவனின் கையில் திரும்பி வந்தது. கள்ளுக்கடை வரிகள் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே தந்தையின் கையெழுத்தில் புதிதாகச் சில வரிகள் சேர்ந்திருந்தன. தாத்தா வர நேரமானால், பிள்ளைகள் பசி தாங்கமாட்டார்கள் என்று பாட்டி முன்கூட்டியே கொஞ்சம் கஞ்சி எடுத்து மூடி வைப்பாராம். அந்தக் கஞ்சிக்கு முருங்கைக்கீரையும் ஒரு பிடி பருப்பும் சேர்த்துச் செய்த துவட்டலின் செய்முறையை அவர் எழுதியிருந்தார். அளவு குறிப்பிடவில்லை. ‘அம்மா கையளவு’ என்று மட்டும் இருந்தது.

இப்போது அந்தப் பக்கம் எங்கள் வகுப்புத் தொகுப்பேட்டில் முதலாவதாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கத்தையும் எழுதத் தொடங்குங்கள்.